3 வயதுக் குழந்தைக்கு எந்தச் சானல் வைப்பது? தர்மபுரி, கிருஷ்ணகிரி பெற்றோர்கள் சொல்லுங்கள்

நல்லம்பள்ளி அம்மா
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 3 வயது 2 மாதம் ஆகிறது. நான் தர்மபுரி டவுனில் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் ஓசூரில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வருவார். காலை 9 மணியிலிருந்து நான் திரும்பும் 6 மணி வரைக்கும் பாப்பா என் மாமியாரிடம்தான். அத்தைக்கு மூட்டுவலி, பாப்பா பின்னால் ஓட முடியாது. அதனால் டிவி ஓடும். அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவங்க இல்லையென்றால் நான் வேலைக்கே போக முடியாது.

இப்போது இரண்டு விஷயம் மனசை உறுத்துகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி வேலி தாண்டி ஓடிவிட்டது. பாப்பா திண்ணையில் நின்றுகொண்டு, "வாருங்கள்! நாம் எல்லோரும் சேர்ந்து தேடலாம்!" என்று கத்துகிறாள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் "வாருங்கள்" என்று பேசியதில்லை. தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குழந்தை என் பேச்சைப் பேசவில்லையே என்றிருந்தது.

இரண்டாவது இதைவிடப் பெரிசு. சாயங்காலம் வந்து, "என்ன சாமி சாப்பிட்ட? ஆயா என்ன குடுத்தாங்க?" என்று கேட்டால் பதிலே வராது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் டிவியில் இருக்கும் பொம்மை "பாலம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் எழுந்து போய்த் திரையில் விரல் வைத்து, "இங்க! இங்க!" என்கிறாள். பெற்ற அம்மாவுக்குக் கிடைக்காத பதில் டிவிக்குக் கிடைக்கிறது.

5 வயதுக்குள் இருக்கிற குழந்தைகளுக்கென்றே தனிச் சானல் இருக்கிறதா? நம்ம பக்கம் கேபிளில் வருமா? தமிழில் எது நல்லது? அடிதடி, விரட்டல், கத்தல் இல்லாமல் இருந்தால் போதும்.


ஓசூர் ஷிஃப்ட்
ஞாயிறு, இரவு 10.05

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அக்கா. பையனுக்கு 4 வயது. டிவிகூடப் பரவாயில்லை, எங்களுக்குப் பிரச்சினை போன். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது தானாக வந்துவிடுகிறது, முடிவே கிடையாது. பிடுங்கினால் தரையில் விழுந்து அழுவான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிற ஆள் நான், அந்த அழுகைக்குப் பயந்தே கொடுத்துவிடுகிறேன். இந்த இழையை விடாமல் படிக்கப் போகிறேன்.


காவேரிப்பட்டணம் கேபிள்
திங்கள், காலை 7.20

தங்கச்சி, நான் இந்தத் தொழிலில் 20 வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஆட்கள் எல்லாவற்றையும் "கார்ட்டூன் சானல்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் தப்பு. 4 வயதிலிருந்து 14 வயதுவரை ஒரே சானலில் பார்க்கிற மாதிரி வைத்திருப்பது ஒரு வகை. கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் இந்தியாவுக்கு வந்தது, போகோ 2004இல் வந்தது, இரண்டும் அந்த வகை. நம் தமிழில் சுட்டி டிவி 2007 ஏப்ரலில் வந்தது. அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கூரை வீட்டில் முதல் டிவி, அதில் முதல் தடவையாகத் தமிழ் பேசுகிற பொம்மைகள். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பையைக் கழற்றாமலே போய் உட்காரும். அதை நான் கண்ணால் பார்த்தவன்.

பள்ளிக்குப் போகும் முன்னாலுள்ள குழந்தைகளுக்கென்றே இருக்கும் சானல் வேறு வகை. பிபிசியின் மழலையர் சானல் சிபீபீஸ் இங்கே 2007இல் வந்தது, 2012 கடைசியில் நிறுத்தினார்கள். அதே 2012இல் நிக் ஜூனியரும் டிஸ்னி ஜூனியரும் வந்தன. அவற்றில் சத்தம் குறைவு, விரட்டல் குறைவு, ஒவ்வொரு நிகழ்ச்சியும் சின்னதாக இருக்கும். ஆனால் என்னிடம் வந்து இந்தச் சானலைப் பெயர் சொல்லிக் கேட்ட வாடிக்கையாளர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். "கார்ட்டூன் வருதா?" என்பார்கள். "வருது" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூன்று காரியம் செய்யலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வேண்டிய சானலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, உங்கள் கேபிள்காரரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்து, ரிமோட்டில் ஆடியோ மாற்றும் பட்டன் இருக்கும். சில சானல்களுக்கு ஒரே படத்தில் இரண்டு மூன்று மொழி வரும். இந்தியில் ஓடுகிறதே என்று விட்டுவிட்ட சானலில் தமிழ் இருந்தாலும் இருக்கும், அழுத்திப் பாருங்கள். மூன்றாவது, பாக்ஸில் சானல் பூட்டு இருக்கிறது, நாலு எண் ரகசியக் குறியீடு போட்டு வேண்டாததை மூடிவிடலாம். இதைச் செய்து தர நாங்கள் காசு வாங்க மாட்டோம்.


அரூர் பெரியவர்
திங்கள், காலை 8.45

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன் அம்மா, எந்தச் சானலும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2 வயது ஆகும் வரை திரையே கூடாது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கமும் 2021இல் ஏறத்தாழ இதையேதான் சொன்னது. ஒன்பது மணி நேரம் டிவி ஓடுகிற வீட்டில் எந்தச் சானல் என்று கேட்பது, நாள் முழுக்க மிட்டாய் தின்கிற பிள்ளைக்கு எந்த மிட்டாய் நல்லது என்று கேட்பது போல. மண்ணில் விடுங்கள். கோழியைப் பார்க்கட்டும், எறும்பைப் பார்க்கட்டும்.


பர்கூர் மாந்தோப்பு
திங்கள், பிற்பகல் 1.30

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே பேசுகிறேன். மாம்பழ சீசனில் நான் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறேன். ஜூன், ஜூலையில் லாரி லாரியாகத் தோத்தாபுரி இறங்கும். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று எங்களுக்கே தெரியாது. வீட்டில் நடக்க முடியாத மாமனாரும் இரண்டரை வயதுப் பையனும்தான். வீட்டு வாசலிலேயே ரோடு, செங்கல் லோடு போகிறது. மண்ணில் விடு என்கிறீர்கள். எந்த மண்ணில் விடுவேன்?

டிவி கெடுதல் என்று எங்களுக்கும் தெரியும். டிவி இல்லாத நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


அரூர் பெரியவர்
திங்கள், பிற்பகல் 3.10

நீ சொல்வது நியாயம்தான் மகளே. ரோட்டோர வீடு என்பதை நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர் நடுவில் மந்தை இருந்தது, அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். ஒரு மணி நேரக் கணக்கை மட்டும் விட்டுவிடாதே, அவ்வளவுதான் என் வேண்டுகோள்.


பேச்சுப் பயிற்சி
திங்கள், இரவு 8.55

நான் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டக் குழந்தைகளையும் பார்க்கிறேன். அக்கா எழுதிய இரண்டாவது விஷயத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும், "அம்மா வா", "பால் வேணும்" என்கிற மாதிரி. 3 வயதில் மூன்று சொல் வாக்கியம் வர வேண்டும். உங்கள் பாப்பா "நாம் எல்லோரும் சேர்ந்து தேடலாம்" என்று சரியான இடத்தில், ஆடு காணாமல் போன நேரத்தில் சொல்லியிருக்கிறாள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருந்தால் சம்பந்தமில்லாத இடத்தில் வந்திருக்கும். இவள் பொருள் தெரிந்துதான் பேசுகிறாள். வேறு யாருடைய குழந்தையாவது 2 வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்க்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், டிவியைக் காரணம் காட்டிக் காத்திருக்காமல் முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்யுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இப்போது, டிவிக்கு ஏன் பதில் வருகிறது என்பதற்கு வருகிறேன். நல்ல மழலையர் நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. பொம்மை கேள்வி கேட்கும், அப்புறம் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். நாலைந்து நொடி திரையில் ஒன்றுமே நடக்காது. பெரியவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும், டிவி நின்றுவிட்டதோ என்று தோன்றும். ஆனால் 3 வயது மூளைக்கு அந்த நேரம் தேவை. கேள்வியைப் பிடித்து, விடையைத் தேடி, சொல்லைக் கோத்து, வாய்க்குக் கொண்டுவர அவ்வளவு நேரம் ஆகிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய புளூஸ் குளூஸ் என்கிற நிகழ்ச்சி இந்த நிறுத்தத்தை வைத்தே கட்டப்பட்டது. ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் மறுபடி மறுபடி போட்டார்கள். முதல் நாள் வாய் பிளந்து பார்க்கிற குழந்தை ஐந்தாம் நாள் பொம்மைக்கு முன்னாலேயே விடையைக் கத்தும். 2000இல் வந்த டோராவும் அதே வழியில்தான் போனது.

நாம் வீட்டில் எப்படிக் கேட்கிறோம்? "என்ன சாப்பிட்ட? சாதமா? ரசமா? ஆயா ஊட்டுனாங்களா? ஏன் பேச மாட்டேங்கிற?" என்று ஐந்து கேள்வி ஒரே மூச்சில். குழந்தை முதல் கேள்விக்கே இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும். நாம் காத்திருப்பதில்லை.

இது உங்கள் குற்றமில்லை அக்கா. நாள் முழுக்கப் பிரிந்திருந்த அம்மாவுக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணிப் பாருங்கள். முகம் பார்த்து, சிரித்துக்கொண்டு, சும்மா இருங்கள். டிவியால் காத்திருக்க மட்டும்தான் முடியும், குழந்தை என்ன சொன்னது என்று அதற்குக் கேட்காது. தப்பாகச் சொன்னாலும் "சரியாகச் சொன்னாய்" என்றுதான் சொல்லும். உங்களுக்குக் கேட்கும்.

இன்னொன்று. குழந்தை சானலைவிட எனக்கு அதிகம் கவலை கொடுப்பது மத்தியானம் ஓடும் நாடகம். குழந்தை அதைப் பார்க்காது, தரையில் விளையாடிக்கொண்டிருக்கும், அதனால் பரவாயில்லை என்று நினைப்போம். அமெரிக்காவில் 2 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளின் உடம்பில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிவிட்டு ஒரு ஆய்வு செய்தார்கள், 2009இல் வெளிவந்தது. காதில் விழுகிற மாதிரி டிவி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கிற சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. ஆயா திரையைப் பார்ப்பார், குழந்தையோடு பேசுவது நின்றுவிடும். அவ்வளவுதான் நடக்கிறது.


ஓசூர் ஷிஃப்ட்
திங்கள், இரவு 9.30

அந்த ஐந்து எண்ணுகிற விஷயத்தைப் படித்துவிட்டு இப்போதே பையனிடம் போய்ச் செய்து பார்த்தேன். "இன்னைக்கு யாரோட விளையாடுன?" என்று கேட்டுவிட்டு எண்ணினேன். நாலு வரும்போது வாயைத் திறந்தான். நான் எண்ணாமல் இருந்திருந்தால் மூன்றிலேயே அடுத்த கேள்வி கேட்டிருப்பேன்.


அரூரிலிருந்து சென்னை
செவ்வாய், காலை 11.15

சொந்த ஊர் அரூர். சென்னையில் சில வருஷம் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதியிருக்கிறேன். "வாருங்கள், தேடலாம்" ஏன் அப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், சொல்லவும் கடமை இருக்கிறது.

எங்களுக்கு முடிந்துபோன படம் வரும். பொம்மையின் வாய் எத்தனை தடவை திறக்கிறது, எங்கே மூடுகிறது எல்லாம் முன்பே முடிவானது. அந்த அளவுக்குள் தமிழை அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் இருக்கும் இடத்தில் தமிழில் நாலு எழுத்து கூடுதலாக இருக்கும். வினை கடைசியில் வரும். பொம்மை முதல் சொல்லில் கையைக் காட்டும், நம் வாக்கியத்தில் அந்தப் பொருளின் பெயர் அதற்கப்புறம்தான் வரும். இதெல்லாம் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் வேறு. எந்த ஊர்த் தமிழில் எழுதுவது? சென்னைப் பேச்சில் எழுதினால் மதுரைக்குப் பிடிக்காது, கொங்குப் பேச்சில் எழுதினால் நாகர்கோவிலுக்குப் புரியாது. எந்த ஊருக்கும் வம்பில்லாமல் எழுத்துத் தமிழிலேயே எழுதிவிடுவோம். ஏழாம் வகுப்புப் பையனுக்கு அது பிரச்சினையே இல்லை, அவன் பாடப் புத்தகம் படிக்கிறவன். ஆனால் 3 வயதுக் குழந்தைக்கு எழுத்துத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தமிழ் என்றால் அம்மா பேசுவது, ஆயா பேசுவது. டிவி பேசுவது இன்னொரு வீட்டுத் தமிழ்.

"வாங்க, தேடலாம்" என்று எழுத வேண்டும் என்று நான் ஒருமுறை வாதாடினேன். "தரம் குறையும்" என்றார்கள். நானும் விட்டுக்கொடுத்துவிட்டேன். இன்றைக்கு உங்கள் திண்ணையில் அந்த "வாருங்கள்" ஒலித்ததைப் படிக்கும்போது மனசு கனக்கிறது.

இதற்கு டப்பிங் வழியில் முழுத் தீர்வு கிடையாது. இங்கேயே, நம் குழந்தைகளுக்காகவே எடுக்க வேண்டும். அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்கிற குழந்தைகள் நிகழ்ச்சி 1969இல் தொடங்கியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? குழந்தையை டிவி முன் உட்காரவைத்து, பக்கத்திலேயே இன்னொரு திரையில் 7.5 நொடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்தார்கள். எந்த இடத்தில் குழந்தையின் கண் டிவியை விட்டு விலகுகிறது என்று ஒருத்தர் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருப்பார். கண் விலகிய இடத்தையெல்லாம் மாற்றி எழுதினார்கள். தமிழில் ஒரு மழலையர் நிகழ்ச்சிக்கு இந்த மாதிரி ஒரு பென்னாகரம் குழந்தையையோ ஊத்தங்கரைக் குழந்தையையோ உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் என் ஆசை.


தேன்கனிக்கோட்டை
செவ்வாய், பிற்பகல் 2.40

நான் கொஞ்சம் வேறு பக்கம் நின்று பேசுகிறேன். எங்கள் வீட்டில் கன்னடம். அண்டை வீட்டில் தெலுங்கு. எங்கள் பக்கம் இது சாதாரணம். என் மூத்தவள் பள்ளிக்குப் போகும் முன்பே தமிழ் கற்றுக்கொண்டது டிவியிலிருந்துதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே படித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நிறம், எண், மிருகங்களின் பெயர் இவைதான் டிவியில் வந்தன. சண்டை போடுவது, கெஞ்சுவது, "எனக்கும் குடு" என்பது எல்லாம் எதிர் வீட்டுக்குக் குடிவந்த தர்மபுரிக்காரப் பெண் குழந்தையிடமிருந்து வந்தது. பேச்சு பிடித்ததே அவளால்தான்.

ஆனாலும் அந்தப் பெயர்கள் ஒன்றும் வீண் இல்லை. சுட்டிக்காட்டி ஒரு சொல் சொல்லத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் குழந்தையோடு முதல் நாளே விளையாடப் போனாள். எங்களைப் போன்ற வீடுகளையும் நினைத்துச் சானல் நடத்தினால் நன்றாக இருக்கும். எல்லையோரத்தில் இருக்கிற குழந்தைகளுக்கு ஒரு பாட்டு இரண்டு மொழியிலும் வரலாம் இல்லையா?


பால்வாடி டீச்சர்
செவ்வாய், இரவு 7.50

வணக்கம். அங்கன்வாடியில் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரில் இன்னும் "பால்வாடி" என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

நல்லம்பள்ளி சகோதரிக்கு முதலில் ஒன்று கேட்கிறேன், பாப்பாவை ஏன் அனுப்பவில்லை? 2 வயது முடிந்தால் போதும், வரலாம். காலையில் பாட்டு, கதை, விளையாட்டு, மத்தியானம் சாப்பாடு. தமிழ்நாட்டில் சுமார் 54,000 மையங்கள் இருக்கின்றன, உங்கள் ஊரிலும் கண்டிப்பாக ஒன்று இருக்கும். ஒன்பது மணி நேர டிவியில் பாதி அங்கேயே குறைந்துவிடும். அத்தைக்கும் கால் நீட்டப் படுக்க நேரம் கிடைக்கும்.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் யார் வீட்டில் டிவி அதிகம் என்று எனக்குப் பாட்டு நேரத்தில் தெரிந்துவிடும். கை வீசச் சொன்னால் வீசாது, என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க மட்டும் பழகிய பிள்ளை அது. ஒரு வாரம் ஆகும். ஒருநாள் திடீரென்று பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதுவும் வீசும். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் என் பிள்ளைகளிடம் சொல்வேன்.

அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது, கொரோனா காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கைகொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி ஒன்றில் பால்வாடி வயதுக்கென்று காலையில் ஒரு மணி நேரத்தைப் பெரிதாக ஒதுக்கினால் எப்படி இருக்கும்? நாங்கள் பாடுகிற பாட்டையே போடட்டும். காலையில் மையத்தில் பாடிய பாட்டு, வீட்டில் ஆயாவுக்கும் தெரிந்த பாட்டாக ஆகிவிடும். அப்புறம் அவர்கள் டிவியை அணைத்துவிட்டும் பாடலாம்.


நல்லம்பள்ளி அம்மா
செவ்வாய், இரவு 10.20

ஒவ்வொருத்தரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. டீச்சர், பால்வாடி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். "சின்னப் பிள்ளை, அழும்" என்று அத்தை அனுப்பவில்லை, நானும் விட்டுவிட்டேன். நாளைக்கே பேசுகிறேன்.

மத்தியான நாடகம் பற்றிப் படித்ததும் எனக்குப் பக்கென்றது. எங்கள் வீட்டில் பாப்பா பார்ப்பது இரண்டு மணி நேரம் என்றால் நாடகம் நாலு மணி நேரம். அத்தை புளி ஆய்ந்துகொண்டே பார்ப்பாங்க. ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. குழந்தை சானலில் நடுநடுவே வரும் விளம்பரத்தை என்ன செய்வது? பிஸ்கட், சாக்லேட், கலர் தண்ணி. கடைக்குப் போனால் சரியாக அதையே கைகாட்டுகிறாள்.


ஓசூர் ஷிஃப்ட்
புதன், காலை 6.30

விளம்பரம் பற்றி எனக்குத் தெரிந்தது. என் தங்கை கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள், அவள் பிள்ளைகள் சிபீபீஸ் பார்த்து வளர்ந்தவர்கள். 2002இல் பிபிசி தொடங்கியது, 6 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு. டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பதால் விளம்பரமே கிடையாது. என் தங்கை அதிகம் சொல்வது இன்னொன்று. சாயங்காலம் 7 மணிக்கு அந்தச் சானல் மூடிவிடும். அதற்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகம் வாசிப்பார். அவ்வளவுதான், அதற்கப்புறம் காலை 6 மணிக்குத்தான். "அம்மா நிறுத்திட்டா" என்று பிள்ளை அழ வழியே இல்லை, சானலே தூங்கப் போய்விட்டது. நான் இங்கே போனோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சுவீடனில் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் குறிவைத்து டிவியில் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1991இலிருந்து சட்டம் இருக்கிறது.


பேச்சுப் பயிற்சி
புதன், காலை 9.10

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 4, 5 வயது வரை குழந்தைக்கு நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்க்கவே வராது. பொம்மை பாலத்தைக் காட்டியதும், அடுத்த நிமிஷம் பிஸ்கட்டைக் காட்டியதும் அதற்கு ஒன்றுதான். யாராவது பக்கத்தில் இருந்து, "இது கடைக்காரங்க பேசுறது, நம்ம பொம்மை இப்ப வரும்" என்று சொல்லி, சத்தத்தைக் குறைத்தால் போதும். அத்தைக்கு ரிமோட்டில் மியூட் பட்டனைக் காட்டிக்கொடுங்கள்.

சின்னக் குழந்தை வைத்திருக்கும் பர்கூர் சகோதரிக்கு: இரண்டரை வயதுக்குள் திரையிலிருந்து கற்றுக்கொள்வது நேரில் கற்பதைவிட மிகக் குறைவு என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "குழந்தை அறிவாளியாகும்" என்று சொல்லிக் கைக்குழந்தைக்குச் சானல் விற்பதை நம்ப வேண்டாம். பிரான்சில் 2008இல் ஒளிபரப்பு ஆணையம், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று உள்நாட்டுச் சானல்கள் நிகழ்ச்சி போடவே கூடாது என்று தடுத்தது. ஆனால் உங்கள் மாமனாரால் நடக்க முடியாவிட்டாலும் பேச முடியுமே? பையன் பார்க்கும்போது அவரும் பார்த்து, "அதோ பாரு மாடு, நம்ம வூட்டு மாடு மாதிரியே இருக்கு" என்று சொன்னால் அந்த அரை மணி நேரத்துக்கு அர்த்தம் வந்துவிடும்.


பர்கூர் மாந்தோப்பு
புதன், இரவு 9.00

சொன்னேன் மேடம். மாமனாருக்கு ஒரே சந்தோஷம். "என்னையும் ஒரு வேலைக்கு வெச்சாங்களே" என்றார். கட்டிலைத் திருப்பி, டிவியும் பையனும் இரண்டும் தெரிகிற மாதிரி போட்டிருக்கிறோம்.


காவேரிப்பட்டணம் கேபிள்
புதன், இரவு 9.45

இந்த வாரம் கலெக்‌ஷனுக்குப் போன நாலு வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. நானாகவே கேட்டு, சண்டைச் சானல்களைப் பூட்டி, ஆடியோவைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் ஆடியோ மாறியதும் அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத் தொழிலில் அந்தப் பட்டனை நான் யாருக்கும் காட்டியதில்லை.


நல்லம்பள்ளி அம்மா
இரண்டு வாரம் கழித்து, சனி இரவு 8.15

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பால்வாடியில் சேர்த்துவிட்டோம். முதல் நாலு நாள் அழுகை. அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாங்க. ஐந்தாம் நாள் "நீ போ ஆயா" என்று சொல்லிவிட்டாளாம். அத்தைக்கு அன்றைக்கு முகமே சரியில்லை, எனக்கும் பாவமாக இருந்தது.

டிவி இப்போது மத்தியானம் தூங்கி எழுந்த பிறகு ஒரு மணி நேரம்தான். கேபிள்காரர் தமிழ் ஆடியோ வைத்துக்கொடுத்தார். அத்தை பக்கத்திலேயே புளி ஆய்கிறாங்க. பொம்மை கேள்வி கேட்டுவிட்டு நிற்கிற நேரத்தில் அவங்களும் சேர்ந்து பதில் சொல்கிறாங்க. பாதி நேரம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாங்க, பாப்பா "இல்ல ஆயா, அது செவப்பு!" என்று திருத்துகிறாள். நாடகத்தை இரவு நான் சமையல் செய்யும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டாங்க. அதை அவங்களாகவே சொன்னாங்க, நான் கேட்கவில்லை.

நேற்று வேலை முடிந்து வந்தேன். பாப்பா திண்ணையில் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன சாமி சாப்பிட்ட?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கொட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலு. எனக்கு நாக்கு நுனியில் அடுத்த கேள்வி நிற்கிறது. ஐந்து. ஆறு வரைக்கும் எண்ணினேன்.

"களி," என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "சுட்டுச்சும்மா. ஆயா ஊதி ஊதிக் குடுத்துச்சு."